சாலை எந்தப் பக்கம் சரிகிறது

செல்வி, முருகேசா, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். முருகேசனுக்குப் புரியாத இடம் வந்தால் செல்வி நிறுத்தி விளக்கவேண்டும். அம்மா அடுப்படியில் இருந்தால் சத்தமாகப் படியுங்கள், அவளும் கேட்கட்டும். நான் எட்டாவதோடு நின்றவன், கோர்வையாக எழுத வராது. ஆனால் இது போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நான் ஒரு வாக்கியம் சொல்லி, அது உங்கள் காதுக்கு வந்து, நீங்கள் “ஆ?” என்று கேட்பதற்குள் பூத்துக்காரர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். முருகேசா, நான் புறப்பட்ட அன்று என் கருவிப் பெட்டிக்குள் நீ ஒளித்துவைத்த பச்சைக் கோலிக்குண்டு பத்திரமாக இருக்கிறது. அதுவும் இதில் வருகிறது.

இந்த ஊரில் என்னை முதலில் தடுமாற வைத்தது பஸ்ஸை விட்டு இறங்குவதுதான். நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். ரங்கூனில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன, ஸ்டியரிங்கும் அதே வலப்பக்கம்தான். பெரும்பாலும் ஜப்பானில் ஓடித் தேய்ந்து கப்பலேறி வந்த வண்டிகள். அவற்றின் கதவும் நம் ஊர் பஸ் மாதிரி இடப்பக்கம். மாற்றாமல் விட்ட வண்டியில் கதவைத் திறந்து காலை வைத்தால் நடு ரோடு, எதிரே லாரி. டிரைவர் பள்ளத்தோரம் உட்கார்ந்திருப்பார். முன்னால் போகிற வண்டியை முந்தவேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்க சீட்டில் இருப்பவர் தலையை நீட்டிப் பார்த்து “லுட்டே” என்று சொல்லவேண்டும். வழி காலி என்று அர்த்தம். கண் ஒருவருடையது, கை ஒருவருடையது. அப்படித்தான் இந்த ஊர் ஓடுகிறது. எனக்கு இங்கே சோறு போடுவதும் இந்தக் குழப்பம்தான். மிங்கலா தாங்ஞுன்டில், ரயில் பாதை ஓரமாக, என் தாய்மாமன் மகன் சின்னையாவுக்கு வண்டிக்கூடு கட்டும் பட்டறை இருக்கிறது. பர்மாவை விட்டு எல்லோரும் கப்பலேறிய காலத்தில் உங்கள் பாட்டி குடும்பம் ஊர் திரும்பியது, மாமா குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. அந்தப் பட்டறையில் நான் இடப்பக்கக் கதவை அடைத்து, வலப்பக்கம் புதுக் கதவு வெட்டுகிறேன். திருச்செங்கோட்டில் லாரிக்குக் கூடு கட்டிய கை இது, மரமும் தகரமும் எந்த ஊரிலும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரங்கூனிலேயே தாமுவே என்கிற பகுதியில் ரூத் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். நம் தமிழ் ஆள், கிறிஸ்தவக் குடும்பம், அவர் அப்பா மிஷன் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். அக்கா பள்ளிக்கூட டீச்சர். சில வருஷம் முன்பு ரயில்வே மேம்பாலப் படிக்கட்டில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, அன்றிலிருந்து படுக்கைதான். உட்கார வைத்தால் சிறிது நேரத்தில் மயக்கம் வந்துவிடும். படுத்தபடியே தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லித்தருகிறார், தப்பாகச் சொன்னால் தலையணையால் அடிக்கிறார். அவருக்கு ஒரே மகள், எஸ்தர். வடக்கே தூரத்தில் இருக்கிற புரோம் ஊரில் நர்ஸ் வேலை. மாப்பிள்ளையும் அந்த ஊர்தான், கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, புறப்படுவதற்குள் கல்யாணம் முடியவேண்டும். அம்மா வந்து பார்க்காமல் மோதிரம் மாற்றமாட்டேன் என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். ரயிலில் கொண்டுபோனால் குலுக்கலில் முதுகு தாங்காது என்று டாக்டர் சொன்னார். சாதாரண வண்டியில் அவரைப் படுக்க வைத்து, மழையில் நனையாமல், வழியில் துணி மாற்ற மறைவும் வைத்து அவ்வளவு தூரம் கொண்டுபோக இடமில்லை. அப்போதுதான் அக்கா தன் வீட்டு வளவுக்குப் பின்னால் கிடந்த அந்தப் பெட்டியை நினைத்தார்.

அது ஒரு டிரக் கேம்பர். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், பிக்கப் வண்டியின் பின் தொட்டியில் தூக்கி வைக்கிற குட்டி வீடு. உள்ளே ஒரு கட்டில், சின்ன அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஜன்னல். மூக்கு மாதிரி ஒரு பகுதி டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மிஷனில் இருந்த வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் மலைப்பக்கம் போக வைத்திருந்தது. அவர்கள் போனபோது அக்காவின் அப்பாவிடம் விட்டுப்போனார்கள். அதைச் சுமந்த பழைய பிக்கப் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. செங்கல் மேல் உட்கார்ந்திருந்த பெட்டியில் கோழிகள் குடியிருந்தன. சின்னையா அதைச் சுற்றிவந்து, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, “மச்சான், இது வீடு இல்ல, கோழிக்குப் பங்களா” என்றார். வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக அக்கா குரல் வந்தது. “சின்னையா, கோழி வாடகை குடுத்துச்சு. ஒங்க அப்பா எங்க வளவுல குடியிருந்தாரே, அவரு குடுத்தாரா?” சின்னையா சிரித்துக்கொண்டே, “ஆகுற வழியப் பாக்குறேன் அக்கா” என்று சொல்லிவிட்டார். வேலை என் தலையில் விழுந்தது.

வண்டியைக் கொடுத்தவர் ஒரு மர வியாபாரி. அவருடைய பிள்ளைகள் அக்காவிடம் படித்தவர்கள். தாய்லாந்து வழியாக வந்த புது பிக்கப், அகலமானது, உயரமானது. கூடவே கோ மியோ என்கிற பர்மிய டிரைவர். ஒரே ஒரு நிபந்தனை. வண்டியில் ஓர் ஓட்டைகூடப் போடக்கூடாது, கீறல் விழக்கூடாது. வண்டி கைக்கு வந்ததோ புறப்படுவதற்கு முந்தின நாள். பழைய கேம்பர் பழைய வண்டிக்காகச் செய்தது. கீழ்ப்பெட்டி ஒடுங்கியது. புது வண்டியின் தொட்டிக்குள் வைத்தால் இரண்டு பக்கமும் கை நுழைகிற இடைவெளி, வளைவில் பெட்டி ஆடும். புது வண்டியின் தொட்டிச் சுவர் உயரம். அதனால் கேம்பரின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற இறக்கைகள் முதலில் சுவரில் முட்டிக்கொள்ளும், அடிப்பாகம் தொட்டியின் தரையைத் தொடாமல் தொங்கும். கேம்பருக்குச் சொந்தக் கால்கள் நான்கு உண்டு. அவற்றின் மேல் அதை நிறுத்திவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்து அடியில் நுழைக்கவேண்டும். ஆனால் வண்டியின் மட்கார்டு அகலம், கால்களுக்கு நடுவே நுழையவே நுழையாது.

ஆகவே தேக்குச் சட்டங்களால் தொட்டிக்குள் ஒரு மேடை கட்டினேன். அதன் மேல் பெட்டி உட்கார்ந்தால் இறக்கை சுவருக்கு மேலே நிற்கும். பக்கத்து இடைவெளிகளுக்கு டயர் ரப்பர் ஒட்டிய கட்டைகள். ஓட்டை போடமுடியாது என்பதால் தொட்டி விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கவ்விகள், அவற்றிலிருந்து பெட்டிக்குத் திருகி இறுக்கும் கொக்கிகள். பிறகு பெட்டியைத் தூக்கவேண்டும். மாமரக் கிளையை நம்பமுடியாது என்று மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நிறுத்தி, செயின் பிளாக் மாட்டினோம். சங்கிலியை இழுக்க இழுக்க பெட்டி செங்கல்லை விட்டு எழும்பி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அதன் பழைய மரச்சட்டம் உள்ளே முனகுவது கேட்டது. ஒரு குழாயின் அடி சேற்றில் இறங்கியது. “நிப்பாட்டாதே மச்சான், பாதில நிப்பாட்டினா அதுவே இறங்கிரும்” என்று சின்னையா கத்தினார். கோ மியோ வண்டியைப் பின்னால் எடுத்து வந்துகொண்டிருந்தார். தொட்டிக்கும் தொங்குகிற பெட்டிக்கும் நடுவே நான் நின்று கையால் திருப்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் வீட்டு ஜன்னலிலிருந்து அக்காவுக்குத் தெரிந்தது. பெட்டி மேடையில் உட்கார்ந்ததும், “தம்பி, ஒன் தலை இருக்கான்னு தொட்டுப் பாரு” என்றார்.

இனி நான் சொல்வதைச் செல்வி கவனமாகப் படிக்கவேண்டும். நம் ஊர்ப் பட்டறையில் கூடு கட்டுகிறவர்கள் சொல்லாமலே செய்கிற ஒரு காரியம் உண்டு. சாலை நடுவே மேடு, ஓரத்தில் சரிவு, மழைத்தண்ணீர் வடியவேண்டும் என்பதற்காக. நம் வண்டிகள் இடப்பக்கம் போவதால் எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே ஓடும். அதனால் உயரமான கூடாக இருந்தால் இடப்பக்க அடிச்சட்டத்தின் கீழ் ஒரு சீவல் கட்டை கொடுப்போம். கனமான சாமானை வலப்பக்கம் வைப்போம். பட்டறையில் பார்த்தால் வண்டி வலப்பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும், ரோட்டுக்குப் போனதும் நேராகிவிடும். இதை யாரும் எனக்குத் தனியாகச் சொல்லித்தந்ததில்லை. சோறு பிசைகிற மாதிரி கைக்கே வரும். அன்றும் வந்தது. ஒரு இஞ்சுக் கட்டையைச் சீவி இடப்பக்கம் கொடுத்தேன். தண்ணீர் டின்களை வலப்பக்கம் அடுக்கினேன். முருகேசனின் கோலியைக் கேம்பரின் தரையில் நடுவே வைத்தேன். அது உருண்டு வலச்சுவரில் முட்டி நின்றது. சரியாக இருக்கிறது என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வருஷக்கணக்காக இந்த ஊரில் கதவைப் பக்கம் மாற்றி வெட்டுகிறவன் நான். அந்த ஒரு கட்டையை மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

விடிந்ததும் புறப்பட்டோம். அக்காவைப் பலகையோடு தூக்கிக் கேம்பருக்குள் கட்டிலில் கிடத்தி, துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டினோம். கட்டில் வலப்பக்கச் சுவரை ஒட்டி. பக்கத்து வீட்டுப் பெண் மா தீடா துணைக்கு உள்ளே ஏறிக்கொண்டாள். அக்கா கையில் ஒரு கம்பு. ஏதாவது என்றால் முன் சுவரில் தட்டவேண்டும் என்று பேச்சு. முகத்தில் தனக்கா மரக் குழம்பு பூசி, பட்டுச் சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். கதவைச் சாத்தும்போது என்னைக் கூப்பிட்டு, “தம்பி, ஒனக்கும் மக இருக்கில்ல?” என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். “அப்ப நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல” என்றார்.

செல்வி, நீ பெரியவளானபோது செய்த சீருக்கு நான் வரவில்லை. அம்மா அனுப்பிய படத்தில் நான் நிற்கவேண்டிய இடத்தில் உன் சித்தப்பா நிற்கிறார். நீ மாலையோடு கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்க்கிறாய். அந்தப் படத்தை நான் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் தெரியும். அன்று காலையும் ஸ்பானர் எடுக்கத் திறந்தேன்.

கோ மியோ வலப்பக்கம் ஸ்டியரிங்கில், நான் இடப்பக்கம். பின் கண்ணாடி வழியே பார்த்தால் கேம்பரின் சுவர்தான் தெரியும். எனவே அவருக்கு நான்தான் கண். நம் ஊரில் சிறு வயதில் லாரியில் கிளீனராகப் போனபோது இடப்பக்கம் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. இங்கே இடப்பக்கம் பள்ளம் இல்லை, எதிரே வருகிற வண்டிகள். என் கண் தானாகவே கீழே சாலை ஓரத்தைத் தேடும், அங்கே சாலையின் நடுக்கோடு இருக்கும், திடுக்கென்று நிமிர்வேன். இன்செயின் தாண்டி மோபிப் பக்கம் வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. சாலை ஒடுங்கியது, ஓரம் அரித்துப்போயிருந்தது, அதற்கப்பால் நெல்வயல் முழுக்கத் தண்ணீர். ஒரு மாட்டு வண்டியை முந்த “லுட்டே” என்று சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் மழைத் திரையிலிருந்து பஸ் ஒன்று வந்தது. கோ மியோ சட்டென்று வலப்பக்கம் வெட்டினார். வண்டி திரும்பிவிட்டது, கேம்பர் மட்டும் ஒரு மூச்சு தாமதமாக எங்கள் தலைக்கு மேல் சாய்ந்து, யோசித்துவிட்டு, திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. டொக், டொக் என்று, என் முதுகுக்குப் பின்னால். அக்காவின் கம்பு என்று நினைத்து நிறுத்தச் சொன்னேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். “நான் தட்டல தம்பி. ஒன் வீடுதான் தட்டுது” என்றார். முகம் வெளுத்திருந்தது. உடம்பு முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. மா தீடா ஒரு கையால் அவர் தோளையும் இன்னொரு கையால் ஜன்னல் கம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். “மக கல்யாணத்துக்கு நேராப் போவலாம்னு பாத்தேன், நீ என்னைய சரிச்சுக் கொண்டுபோற” என்றார். நான் சுற்றிவந்து பார்த்தேன். இடப்பக்கம் அடைத்த ரப்பர் கட்டை ஒன்று கழன்று விழுந்து, தொட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பெட்டி முழுக்க வலப்பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கக் கொக்கிகள் தளர்ந்து தொங்கின, இடப்பக்கக் கொக்கி நரம்பு மாதிரி விறைத்திருந்தது. கவ்வி விளிம்பிலிருந்து கொஞ்சம் நழுவியிருந்தது. அது விட்டுப்போனால் அக்காவோடு பெட்டி வயலுக்குள். அப்போதும் எனக்குக் காரணம் புரியவில்லை. எழுந்து நின்று சாலையைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் நடுவிலிருந்து வலப்பக்கமாக ஓடி வயலில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் கை செய்தது எனக்குத் தெரிந்தது.

கோ மியோவின் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை நரம்பு புடைத்திருந்தது. புறப்பட்டதிலிருந்து வண்டி வலப்பக்கம் இழுக்க, அவர் இடப்பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டியிருக்கிறார். என் அரைகுறை பர்மிய மொழியில், “ஏன் சொல்லவில்லை? முதலிலேயே ஏன் சொல்லவில்லை?” என்று கத்திவிட்டேன். அவர் நின்று சிரித்தார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. “சயா கட்டிய வேலை. எல்லோர் எதிரிலும் நான் எப்படிச் சொல்வது? ஆனாடே” என்றார். சயா என்றால் வாத்தியார், மேஸ்திரியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாடே என்றால் மற்றவர் மனம் நோகுமே என்று சொல்லவந்ததை விழுங்கிக்கொள்வது. இந்த ஊர்க்காரர்கள் அதை நல்ல வளர்ப்பு என்கிறார்கள். அவர் சிரித்தது என்னைக் கேலி செய்ய அல்ல, என் தப்பை மூடிவைக்கத்தான். நம் ஊர் டிரைவராக இருந்தால் பட்டறை வாசலிலேயே என் பரம்பரையை இழுத்திருப்பார், அக்காவும் இந்தச் சாலையில் சரிந்துகிடக்கமாட்டார். அந்த நிமிஷம் என் மனம் அந்தத் திட்டுக்காக ஏங்கியது.

இடப்பக்கத்துக் கட்டையை உருவி வலப்பக்கம் கொடுக்கவேண்டும். சொல்ல எளிது. உருவவேண்டுமென்றால் முதலில் இடப்பக்கத்தை ஜாக்கியில் தூக்கவேண்டும். இடப்பக்கம் தூக்கினால் ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்த பெட்டி இன்னும் வயல்பக்கம் சாயும். நேராவதற்கு முன்னால் இன்னும் கோணலாகியே தீரவேண்டும். அக்காவை இறக்கிவிடலாம் என்றால் கொட்டுகிற மழை, சேறு, படுக்க வைக்க ஒரு கூரை இல்லை. கதவருகே போய் விஷயத்தைச் சொன்னேன், மறைக்கவில்லை. அவர் கண்ணை மூடித் திறந்தார். “நான் எறங்குனா திரும்ப ஏத்தறதுக்குள்ள இன்னிக்குப் போயிரும். செய்யி.” பிறகு, “கட்டையைத்தானே மாத்துற, என்னைய மாத்தலையே” என்றார்.

எதிர்ப்பக்கத் தேநீர்க் கொட்டகையிலிருந்து நாலைந்து பேர் லோஞ்சிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமாகவே வந்தார்கள். கேம்பரின் தலைப்பக்கம் கயிறு கட்டி, சாலையின் நடுப்பக்கமாக அவர்களை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். ஒருவர் போகிற வருகிற வண்டிகளை நிறுத்தினார். நான் தொட்டி விளிம்பில் குப்புறப் படுத்து மேடைக்குள் ஜாக்கியை வைத்தேன். கைப்பிடியை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் பெட்டி எனக்கு எதிர்த் திசையில் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் மா தீடா ஏதோ முணுமுணுப்பது கேட்டது, ஜெபமா அழுகையா தெரியவில்லை. கயிறு பிடித்தவர்களின் கால் சேற்றில் வழுக்கியது. கட்டை ஈரத்தில் ஊதி இறுகியிருந்தது, அசையவில்லை. சுத்தியால் தட்டினால் பெட்டி நகரும். இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்து அசைத்து அசைத்து உருவினேன். வந்தது. இறக்கினேன். பெட்டி பெருமூச்சு விட்ட மாதிரி உட்கார்ந்தது. பிறகு வலப்பக்கம், முழங்கால் வரை வயல் தண்ணீரில் நின்றுகொண்டு. அதே கட்டை, பக்கம் மட்டும் வேறு. தண்ணீர் டின்களை இடப்பக்கம் மாற்றினோம், கவ்விகளைத் தள்ளிப் பொருத்தினோம், கொக்கிகளை இறுக்கினோம். உள்ளே ஏறிக் கோலியைத் தரையில் வைத்தேன். நடுவிலேயே நின்றது. அக்கா தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். “இதுதான் ஒன் மெசினா?” என்றார். என் மகனுடையது என்றேன்.

மீதி வழியில் கோ மியோ ஒரு கையால் ஓட்டினார். சாலை ஓரம் அரித்துப்போன இடங்களில், “சயா, கொஞ்சம் இழுக்கிறது, சொல்லலாமா?” என்று கேட்டுவிட்டுச் சொன்னார். நான் லுட்டே என்பதை இரண்டு தடவை பார்த்த பிறகே சொன்னேன்.

புரோமில் கல்யாணம் நடக்கிற கிறிஸ்தவக் கோயில் வாசலுக்கு வந்தபோது எஸ்தர் வெள்ளைச் சேலையோடு படி இறங்கி ஓடிவந்தாள். பலகையோடு அம்மாவை இறக்கினோம். ஊருக்குள் நுழையுமுன் மா தீடா உடுத்திவிட்ட அக்காவின் பட்டுச் சேலை பயணத்தில் கசங்கியிருந்தது. எஸ்தர் குனிந்து அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். “ஏய், அழுதா முகத்துல பூசுனது போயிரும். மாப்பிள்ளை பயந்துருவான்” என்றார் அக்கா. கோ மியோவும் மா தீடாவும் அவர்களோடு உள்ளே போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். சட்டையெல்லாம் சேறு, வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுவிட்டேன்.

கோயில் வளவு சிமெண்ட் போட்ட சமதரை. வண்டி வந்த திசையிலேயே, வடக்குப் பார்த்து நின்றது. மழை விட்டிருந்தது. உள்ளே பாட ஆரம்பித்தார்கள். நான் கேம்பருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அக்காவின் கம்பும் தலையணையும் கட்டிலில் கிடந்தன. கோலியை எடுத்து நடுவே வைத்தேன். சமதரையில் வலப்பக்கக் கட்டை பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்ததால், அது சற்று யோசித்துவிட்டு இடப்பக்கம் உருள ஆரம்பித்தது. வடக்குப் பார்த்து நிற்கிற வண்டியில் இடப்பக்கம் என்றால் மேற்கு. கடலைத் தாண்டி, நீங்கள் இருக்கிற பக்கம். முட்டுவதற்கு முன் எடுத்துத் திரும்பவும் நடுவில் வைத்தேன். திரும்பவும் அந்தப் பக்கமே போனது. மூன்றாவது முறை வைத்துவிட்டு, இடச்சுவர் ஓரமாக என் உள்ளங்கையை விரித்துவைத்து, அது வந்து சேரும்வரை காத்திருந்தேன்.